நாற்பத்திரண்டு நாள் தள்ளி ஒரு சிரிப்பு

கோகிலவாணிக்குத் தன் குரலே பிடிக்காமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு. அதுவரை அந்தக் குரல்மேல் அவளுக்கு எந்தப் புகாரும் இருந்ததில்லை. இருபத்து நான்கு வருஷமாக "கிளட்ச், கிளட்ச், அட கிளட்ச்சுங்க" என்று கத்திக் கத்தி உரமேறிய குரல் அது. அதே குரலில், சாப்பாட்டு மேசையின்மேல் இருந்துகொண்டு இன்னொருத்தி, "வெறும் வயித்துல போடாத புள்ள. ரெண்டு வாய் சந்தவை சாப்புட்டுட்டு வா, அப்பறம் தொறக்கறேன்" என்று சொன்னபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த இன்னொருத்தி ஒரு டப்பா. ஊறுகாய் ஜாடி உயரம், வெள்ளை நிறம், நெற்றியில் பச்சை விளக்கு, வயிற்றில் ஒரு சின்னக் கதவு. உள்ளே ஒரு மாதத்து மாத்திரைகள். நாளுக்கு ஒன்றுதான் கதவுக்கு வரும். அரசாங்கம் அதற்கு 'முன்குரல்' என்று அழகாகப் பெயர் வைத்திருந்தது. பொள்ளாச்சியில் அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எல்லோருக்கும் அது டப்பாதான்.

கோகிலவாணிக்கு டப்பா வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். அவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். தெருவில் ஓடும் வண்டிகளெல்லாம் தாமாகவே ஓட ஆரம்பித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. தானாக ஓடும் வண்டி கம்பத்தில் முட்டாது, ஆட்டை இடிக்காது, ஹாரன்கூட அடிக்காது. அவ்வளவு சாது. இருந்தாலும் மெஷின் மக்கர் செய்தால் மனுஷனுக்கு ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் இன்னும் பிடிவாதமாக இருந்தது. ஆகவே லைசென்ஸ் வேண்டுகிறவர்கள் கிளட்ச் வண்டியில் மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டியே ஆக வேண்டும். தாலுகாவில் மிஞ்சியிருந்த மூன்று கிளட்ச் வண்டிகளும் கோகிலவாணியுடையவை. ஊரே அவளிடம் வந்து கற்றுக்கொண்டு, லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளே எல்லாவற்றையும் மறந்துபோனது. அவள் தொழிலுக்கு இதைவிட நல்ல காலம் வாய்த்ததே இல்லை.

இப்படி இருந்தவள் போன வருஷம் ஆடி கழிந்ததிலிருந்து சரியாக இல்லை. துக்கம் என்று சொல்லிக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. மகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். கணவர் தாமோதரனின் பேக்கரியில் சாயங்காலம் நிற்க இடம் கிடைக்காது. நாற்பத்தேழு வயதில் அவளுக்குச் சர்க்கரைகூடக் கிடையாது. "உனக்கென்ன கொறச்சல்?" என்று பார்த்தவர்களெல்லாம் கேட்டார்கள். கடைசியில் அந்தக் கேள்வியே ஒரு குறையாகச் சேர்ந்துகொண்டது. சாப்பாடு ருசிக்கவில்லை. தூக்கம் பாதியில் கலைந்தது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை. ஒருநாள் காலை வகுப்பு முடிந்து வண்டியை வாசலில் நிறுத்தியவள் இறங்கவே இல்லை. இரண்டு மணி நேரம் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தாமோதரன் வந்து கதவைத் திறந்து என்ன என்று கேட்டதற்கு, "எறங்கி என்னங்க பண்றது" என்றாள்.

தாமோதரன் சுற்றிக்கொண்டு வந்து பக்கத்து சீட்டில் ஏறி, அவரும் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். மறுநாள் டாக்டரிடம் அழைத்துப் போனார்.

டாக்டர் மெஹருன்னிசா கொண்டையில் பேனாவைச் செருகி வைத்துக்கொண்டு மேசை முழுக்கப் பேனாவைத் தேடுகிறவர். முக்கால் மணி நேரம் கேட்டார், பத்து நிமிஷம் பேசினார். இது மனசின் பலவீனமோ திமிரோ இல்லை, நோய், மருந்து உண்டு என்றார்.

"ஆனா இந்த மாத்திரையில ஒரு வம்பு இருக்குங்க. வயித்தப் பொரட்டறது, கொட்டாவி, தலக் கனம் எல்லாம் மொத வாரமே வந்துரும். நல்லது மட்டும் நாலு வாரம், ஆறு வாரம் கழிச்சு சாவகாசமா வரும். பாதிப் பேரு ரெண்டாவது வாரமே கேக்கலைன்னு தூக்கிப் போட்டர்றாங்க. அதுக்குத்தான் இந்த டப்பா."

மணிக்கட்டில் கட்டும் ஒரு பட்டை தூக்கம், நடை, நாடி, பேச்சு எல்லாவற்றையும் அளக்கும். இப்படியே மாத்திரையைச் சாப்பிட்டு வந்தால் நாற்பத்திரண்டு நாள் கழித்து நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று டப்பா கணக்குப் போடும். அந்த உங்களை உங்கள் குரலிலேயே பேச வைக்கும். டாக்டர் இதைச் சொல்லி முடித்ததும் தாமோதரன், அப்படியானால் இது ஜோசியமா என்று கேட்டார்.

"மழ வருமா வராதான்னு சொல்றாங்கல்ல, அந்த மாதிரிங்க. இன்னைக்கி அடிக்கிற காத்த வச்சு நாளைக்கிச் சொல்றது. காத்து மாறுனா சொல்றதும் மாறும்."

பிறகு டாக்டர் நிபந்தனைகளுக்கு வந்தார். தினமும் சாப்பிட்டதும் அதே நேரத்துக்குப் போட வேண்டும். தலைவலி மாத்திரையோ இருமல் மருந்தோ நாட்டு மருந்தோ, எதுவானாலும் கேட்காமல் கூடச் சேர்க்கக் கூடாது. ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. நன்றாக ஆனபிறகும் ஒன்பது மாதமாவது தொடர வேண்டும், நிறுத்துவதானாலும் தன்னிடம் சொல்லிவிட்டுத்தான். கடைசியாக, பேனாவைத் தேடுவதை நிறுத்திவிட்டு இருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னார்: ஆரம்ப வாரங்களில் செத்துப்போகலாம் என்கிற மாதிரி நினைப்பு வந்தால், அல்லது இருப்பது கூடினால், வெட்கப்படாமல் உடனே டப்பாவின் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். எந்த நேரமானாலும் ஆள் வரும்.

கோகிலவாணி தலையாட்டினாள். பொத்தானை அழுத்துவதாக அன்று நிஜமாகவே நினைத்துக்கொண்டாள். மற்ற நிபந்தனைகளைப் பற்றி அவள் என்ன நினைத்தாள் என்பது போகப் போகத் தெரியும்.

முதல் வாரம் டாக்டர் சொன்ன வம்பெல்லாம் வரிசை தவறாமல் வந்தது. மூன்றாம் நாள் காலை அவள் வாஷ்பேசினில் குனிந்தபடி இருந்தபோது மேசையிலிருந்து அவள் குரல் ஆறுதல் சொன்னது. "இத நான் தாண்டி வந்துட்டேன் புள்ள. இன்னும் பத்து நாள், நின்னுரும்." சொல்லிவிட்டு டப்பா சிரித்தது. கலகலவென்று தொடங்கி, நடுவில் மூச்சு முட்டி, கடைசியில் ஒரு விக்கலோடு முடிகிற சிரிப்பு.

பாத்ரூமில் முகத்துக்கு நுரை போட்டுக்கொண்டிருந்த தாமோதரன் பாதிச் சவரத்தோடு ஓடி வந்தார். பேசினில் குனிந்த மனைவியைப் பார்த்தார், மேசையில் இருந்த டப்பாவைப் பார்த்தார். நுரையோடு திரும்பிப் போனார். அவர் கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்தாள். ஒரு வருஷமாக இந்த வீட்டில் அந்தச் சிரிப்பு கேட்கவில்லை.

அதற்கப்புறம் அவர் டப்பாவோடு ஒட்டிக்கொண்டார். காலையில் எழுந்ததும் குட்மார்னிங் டப்பாவுக்குத்தான் முதலில். புது ஓவன் வாங்கலாமா, தேங்காய் பன்னில் இனிப்பைக் குறைக்கலாமா என்று அதனிடம் யோசனை கேட்பார். அது, ஓவனைப் பற்றி எனக்கொன்றும் தெரியாது, கோகிலாவைப் பற்றி மட்டும்தான் தெரியும் என்று சொல்லும். சொல்லிவிட்டுச் சிரிக்கும். அவரும் சிரிப்பார். கோகிலவாணி தட்டோடு உட்கார்ந்து இரண்டு பேரையும் பார்ப்பாள். சக்களத்தி என்றால் எவளோ ஒருத்தி வருவாள், சண்டை போடலாம். இது அவள் குரலிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. யாரோடு சண்டை போட?

"ஏனுங், நான் இங்கதான் இருக்கறேன்," என்றாள் ஒருநாள்.

"தெரியுங் கண்ணு. நீ எப்ப வந்து சேருவேன்னுதான் அதுகிட்டக் கேட்டுட்டு இருக்கறேன்," என்றார் தாமோதரன்.

தெருவுக்கும் விஷயம் தெரிந்துபோனது. பக்கத்து வீட்டு ரேணுகாதேவிக்கு நாற்பது தென்னை மரம். ஆறு வாரம் தள்ளி இருந்து பேசுகிற டப்பாவுக்கு அப்போதைய தேங்காய் விலை தெரியாமலா இருக்கும் என்று வந்து கேட்டாள். தெரியாது என்றது டப்பா. குறி கேட்கிற இடத்துக்கு வெறுங்கையோடு வந்ததுதான் தப்பு என்று நினைத்து, அடுத்த முறை ஒரு சீப்பு பூவன் பழத்தோடு வந்தாள். அதற்கும் மசியவில்லை என்றதும், போகிற போக்கில் தனக்கு ஒரு மாத்திரையாவது கொடுக்கச் சொன்னாள். தனக்கும் கொஞ்ச நாளாக மனசு சரியில்லையாம். அந்தத் தெருவில் மாத்திரைகள் கறிவேப்பிலை மாதிரி மதில்மேல் கைமாறுவது பழைய வழக்கம். இது கோகிலாவின் உடம்பைப் பார்த்து எழுதியது, உங்களுக்கு டாக்டர் உங்களைப் பார்த்து எழுதட்டும் என்று டப்பா கதவைச் சாத்திக்கொண்டது. ரேணுகாதேவி பழத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

ஐந்தாவது வாரம் ஒருநாள் கோகிலவாணி ரசத்தில் உப்புக் குறைவு என்றாள். தாமோதரன் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். பல மாதமாக அவள் உப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆறாவது வாரம் மைதானத்தில் ஜெகதீஷ் தாத்தா ரிவர்ஸ் எடுத்தார். அவர் ஓய்வு பெற்ற நில அளவையர், நான்கு தடவை எட்டில் தோற்றவர். பிரேக் மிதிப்பது மேடத்தின் வேலை என்று நம்புகிறவர். பின்னால் ஒரு கோழி வந்ததும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "கொஞ்சம் நகருங்க" என்று மரியாதையாகச் சொன்னார். கோழி நகர்ந்தது. கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது தானா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள்.

எட்டாவது வாரத்தில் பக்கத்து அறையில் இருந்து கேட்டால் எது டப்பா எது மனைவி என்று தாமோதரனுக்குத் தெரியாமல் போனது. அங்கேதான் வினை ஆரம்பித்தது.

கோகிலவாணி அவள் தொழில் புத்தியில் யோசித்தாள். லைசென்ஸ் வாங்கினவர் யாராவது மறுநாளும் கிளாசுக்கு வந்து உட்காருவாரா? நான் நன்றாக இருக்கிறேன். ஆறு வாரம் தள்ளி இருக்கிறவளும் நன்றாக இருக்கிறாள், காதாரக் கேட்கிறோம். நாற்பத்திரண்டு நாள் வழி முழுக்கச் சுத்தமாகத் தெரிகிறபோது மாத்திரை எதற்கு? ஒன்பது மாதம் என்று டாக்டர் எல்லோரிடமும் சொல்வார், அது அவர் தொழில். இப்படி நியாயம் பேசிக்கொண்டு, திங்கட்கிழமை காலை டப்பா கொடுத்த மாத்திரையைக் கைக்குள் வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் குடித்தாள். மாத்திரை அவள் வண்டியின் டேஷ்போர்டில் புதினா மிட்டாய் டப்பிக்குள் போய்ச் சேர்ந்தது. கதவு திறந்தது டப்பாவுக்குத் தெரியும், விழுங்கினாளா என்று பார்க்க அதற்குக் கண் கிடையாது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார்கள் என்று தெரிந்துதான் சொல்லவில்லை.

இரண்டு நாள் ஒன்றும் இல்லை. புதன்கிழமை தலை லேசாகச் சுற்றியது, காரணமில்லாமல் தாமோதரன்மேல் எரிந்து விழுந்தாள். அன்று டப்பாவின் குட்மார்னிங் சுரத்தில்லாமல் இருந்தது. வியாழக்கிழமை டப்பா சிரிக்கவில்லை. தாமோதரன் தேங்காய் பன்னைப் பற்றி இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். வெள்ளிக்கிழமை காலை பச்சை விளக்கு எரிந்தது, கதவு திறந்தது, குட்மார்னிங் மட்டும் வரவில்லை. பிறகு அவள் குரலில் மெதுவாகச் சொன்னது.

"எறங்கி என்னங்க பண்றது."

தாமோதரன் கையில் இருந்த டம்ளர் மேசையில் சாய்ந்து காபி ஓடியது. துடைக்கக்கூட நினைப்பு வரவில்லை அவருக்கு. கோகிலவாணிக்கும் அந்த வார்த்தை ஞாபகம் இருந்தது. ஆனாலும் வாய், டப்பா ரிப்பேர் போலிருக்கிறது, கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றது. ஐந்தாவது மாத்திரையைக் கைக்குள் மூடிக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பிவிட்டாள். அவர் டப்பாவைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி கவுன்டருக்குப் போனார்.

ஜெகதீஷ் தாத்தா அன்று உடுமலை ரோட்டில் நன்றாகவே ஓட்டிக்கொண்டிருந்தார். நாலாவது கியர். தோப்பிலிருந்து தேங்காய் மட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று இடப்பக்கம் ரோட்டுக்கு ஏறியது. தானாக ஓடும் வண்டிகள் ரொம்ப தூரத்திலேயே ஒதுங்கிப் போயின. கோகிலவாணி சட்டென்று கண்ணைத் திருப்பினாள். தலைக்குள் ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டதுபோல ஒரு ஷாக் அடித்தது. பக்கத்து சீட்டுக்கென்று இருக்கும் இரண்டாவது பிரேக்கை அவள் கால் தேடியது. இருபத்து நான்கு வருஷமாக ஒருநாளும் தப்பாத கால் அன்று வெறும் தரையை மிதித்தது.

வண்டி நின்றது. அவள் நிறுத்தவில்லை. ஜெகதீஷ் தாத்தா பிரேக்கை இதமாகத் தொட்டு, மூன்று, இரண்டு என்று கியரை இறக்கி, குலுங்காமல் கொள்ளாமல் டிராக்டருக்கு ஒரு முழம் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். இதை முதன்முதலாகத் தானே செய்ததில் அவருக்கு முகமெல்லாம் பல்.

"நீங்க மொத நாள் சொன்னதுதானுங் மேடம். நாலாவது கியர்ல ஓடற வண்டியோட சாவியத் திருகி நிறுத்தக் கூடாது, வண்டி இழுத்துட்டுப் போயிரும்னீங்கல்ல. ஒவ்வொண்ணா எறக்கி, நின்ன பொறகுதான் சாவின்னு."

கோகிலவாணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பாடத்தை அவள் இரண்டாயிரம் பேருக்காவது சொல்லியிருப்பாள். தன் வண்டியின் சாவியைத் திங்கட்கிழமை ஓட்டத்திலேயே திருகிவிட்டாள். அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. காலையில் டப்பாவில் பேசினவள் யார் என்று இப்போது அவளுக்குச் சந்தேகமே இல்லை. நாற்பத்திரண்டு நாள் தள்ளி ஒரு கோகிலவாணி மறுபடி வண்டியை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் போய்ச் சேர இவள் கிளம்பியாயிற்று.

மிட்டாய் டப்பியைத் திறந்து ஐந்து மாத்திரைகளையும் உள்ளங்கையில் கொட்டினாள். ஐந்தையும் ஒரேயடியாகப் போட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று தோன்றியது. தண்ணீர் பாட்டிலைத் திறந்தபோது போன் அடித்தது. தாமோதரன்.

"டப்பாவுல ஒரு கோளாறும் இல்லையாங் கோகி," என்றார். "கவுன்டர்ல இருக்கறவரு, இது யாரு டப்பாவோ அவங்களப் போயிப் பாருங்கங்கறாரு. நீ எங்க இருக்கற?"

"ரோட்டுல. அஞ்சு நாளா மாத்திர போடலீங்க. அஞ்சும் கையில இருக்குது. இப்பச் சேத்துப் போட்டுக்கறேன்."

போனில் ஏதோ தள்ளுமுள்ளு கேட்டது. பிறகு, கவுன்டர் பக்கம் வந்திருந்த டாக்டர் மெஹருன்னிசாவின் குரல். "போடாதீங்க. ஒண்ணுகூட இப்பப் போடாதீங்க. அப்படியே கொண்டு வாங்க. வண்டி நீங்க ஓட்ட வேண்டாம்."

ஆகவே ஜெகதீஷ் தாத்தா ஓட்டினார். எட்டுப் போட வராத மனுஷன் பதினோரு கிலோமீட்டர், இரண்டு ரவுண்டானா, ஒரு சந்தைக் கூட்டம் எல்லாவற்றையும் தாண்டி அவளைப் பத்திரமாகக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினார்.

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனாள். அவர் ஐந்து மாத்திரைகளையும் வாங்கி ஒரு கவரில் போட்டுவிட்டு, பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள், நீங்கள் ஐந்தாம் நாளே வந்துவிட்டீர்கள், அது சந்தோஷம் என்றார். தலைக்குள் ஷாக் அடிப்பதும் எரிச்சலும் திடீரென்று நிறுத்தியதால் வந்தவை. இது கஞ்சா மாதிரிப் பழக்கம் இல்லை, ஆனால் மூளை மருந்தோடு ஓடிப் பழகிவிட்டது, அதற்குச் சொல்லாமல் கையை எடுக்கக் கூடாது. நாளைக் காலையிலிருந்து பழையபடி ஒன்று, விட்டுப்போனது போனதுதான். காலம் வரும்போது இரண்டு பேரும் சேர்ந்து சிறுகச் சிறுகக் குறைக்கலாம் என்றார்.

"கியர் எறக்கற மாதிரி," என்றாள் கோகிலவாணி.

டாக்டருக்கு அது பிடித்துப்போனது. கொண்டையிலிருந்து பேனாவை உருவிக் குறித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவரிடம் வரும் அத்தனை பேருக்கும், வண்டியைக் கண்ணால் பார்த்திராதவர்களுக்கும், நாலாவது கியரைப் பற்றி ஒரு சொற்பொழிவு நடக்கிறதாகக் கேள்வி.

சில நாளில் டப்பாவுக்குக் குரல் திரும்பியது. மூன்றாவது வாரம் அதுவும் அவளும் சேர்ந்து தாமோதரனைக் கேலி செய்தார்கள். ஒன்பது மாதம் கழிந்தது, டாக்டர் சொன்னபடி மாத்திரை முக்காலாகி, அரையாகி, காலாகி, ஒருநாள் நின்றது. அதற்குப் பின்னும் இரண்டு மாதம் மணிக்கட்டுப் பட்டையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். டப்பா எந்நாளும் போலவே பேசியது. இனி வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார் டாக்டர்.

கவுன்டரில் இருந்தவர் பெயர் நிர்மல். டப்பாவை வாங்கித் துடைத்துவிட்டு, ஒரு மைக்கை எடுத்து அவள் முன்னால் வைத்தார். ஒரு சிரிப்புப் பதிந்துகொள்ள வேண்டுமாம். எதற்கு என்றாள்.

"இந்த நோவு சிலருக்குத் திரும்பவும் வரும்ங்க. வராமயே போகலாம், வந்தா இருக்கட்டுமேன்னு. டப்பாவுக்கு மொத ஆறு வாரத்துக்குக் கணக்குப் போட ஒண்ணும் சிக்காதுங்க. அதுவரைக்கும் பழைய குரல், பழைய சிரிப்பு வச்சுத்தான் ஓட்டறது. போன தடவ உங்க வீட்டுக்காரர்தான வீடியோ கொண்டாந்து குடுத்தாரு?"

கோகிலவாணி மெதுவாகத் திரும்பினாள். தாமோதரன் தன் செருப்பின் வாரை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தார்.

நிர்மல் தப்பு செய்துவிட்டோம் என்று தெரியாமல் அந்த வீடியோவையும் ஓட்டிக் காட்டினார். இருபத்து மூன்று வருஷத்துக்கு முந்தைய மைதானம். தாமோதரன் அவளிடம் ஓட்டக் கற்றுக்கொண்ட காலம். டெஸ்ட்டுக்குப் போன மாப்பிள்ளை எட்டுப் போடாமல் நேரே போய் அறிவிப்புப் பலகைக் கம்பத்தில் முட்டுகிறார். பலகை பானட்டின்மேல் விழுகிறது. பக்கத்தில் நிற்கும் ஒரு மெலிந்த பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். கலகலவென்று தொடங்கி, மூச்சு முட்டி, ஒரு விக்கலோடு முடிகிறது.

அவளுக்குக் கோபம் வந்தது. நேரே டாக்டர் அறைக்குப் போய், வரப்போகிறவள் என்று சொல்லி என்றோ போனவளைக் காட்டி ஏமாற்றியிருக்கிறீர்கள் என்றாள். ஆறு வாரம் அவளைப் பார்த்து எத்தனை பொறாமைப்பட்டேன், எத்தனை நம்பினேன் தெரியுமா என்றாள். டாக்டர் மறுக்கவில்லை. இது சரியா என்று தங்களுக்குள்ளும் இன்னும் சண்டை நடக்கிறது, எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள் என்றார்.

"மாத்திர நெசங்க. சிரிப்பும் உங்களோடது. தேதி மட்டுந்தான் பொய்," என்றார்.

"அடுத்த தரம் வந்தா எங்கிட்டச் சொல்லீட்டே போடுங்க. பழைய சிரிப்புன்னு தெரிஞ்சாலும் நான் கேப்பேன்," என்றாள் கோகிலவாணி. கோபம் பாதி இறங்கியிருந்தது.

ஆனால் மைக் முன்னால் போய் உட்கார்ந்தால் சிரிப்பு வரவில்லை. நிர்மல் ஒரு ஜோக் சொன்னார். அதைக் கேட்டு அவளுக்கு அவர்மேல் இரக்கம்தான் வந்தது. பழைய சிரிப்பையே வைத்துக்கொள்ளலாமே என்றார் தாமோதரன். வேண்டாம், அது அவளுடையது, என்னுடையதாக ஒன்று இருக்கட்டும் என்றாள். சிரிப்பதற்கு முயற்சி செய்தாள். இருமல் வந்தது. சிரிப்பு உள்ளே இல்லாமல் போய்விட்டதோ என்று அந்தப் பழைய பயம் ஒரு கணம் எட்டிப் பார்த்தது. தாமோதரன் அவள் முகத்தைப் பார்த்தார். வண்டியை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஐந்து நிமிஷம் கழித்து டமார் என்று ஒரு சத்தம். எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். பேக்கரி வேனின் பின்பக்கம் ஆஸ்பத்திரி வாசல் கம்பத்தில் முட்டிக்கொண்டு நின்றது. 'இங்கே வண்டி நிறுத்தாதீர்கள்' என்ற பலகை வேனின் தலைமேல் சாவகாசமாகப் படுத்திருந்தது. கதவு திறந்து ரஸ்க் பாக்கெட்டுகள் வாசல் முழுக்க இறைந்து கிடந்தன. தாமோதரன் இறங்கி வந்து, கம்பத்தைப் பார்த்து, "கொஞ்சம் நகர்ந்திருக்கலாம்லங்க" என்றார்.

கோகிலவாணி சிரித்தாள். கலகலவென்று ஆரம்பித்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டி, கண்ணில் தண்ணீர் வந்து, கடைசியில் விக்கினாள். நிர்மல் மைக்கைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பதிவாகிறது என்று அதன் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

வெளியே வந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். மெஷின் மக்கர் செய்துவிட்டது என்றார் தாமோதரன், பலகையைத் தூக்கி நிறுத்திக்கொண்டே. அவள் குனிந்து மண்ணில் இருந்த டயர் தடத்தைப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷமாக அந்தத் தடங்களைப் படித்துப் பிழைக்கிறவள் அவள். வேன் ஒரே தடவையில் வந்து முட்டவில்லை, மூன்று தடவை பின்னால் வந்திருந்தது. முதல் இரண்டு தடவையும் கம்பம் தப்பியிருந்தது.

"நாளைக்கிருந்து கிளாசுக்கு வாங்க," என்றாள் கோகிலவாணி. "உங்களுக்கு இன்னும் ரிவர்ஸ் வரல."